பதினேழாம் வால்வின் நாடி

காலை ஆறு மணிக்கு வனமயிலின் ரத்த அழுத்தத்தைப் பார்த்த பிறகுதான் எண்ணெய்க் கம்பெனிக் காவலர்கள் டீ குடிப்பார்கள். அன்றும் காவலன் லூர்துசாமி அவள் கையில் பட்டையைச் சுற்றினான். திரையில் நூற்றிருபதுக்கு எண்பது என்று வந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டு அவித்த முட்டையும் ஒரு தம்ளர் பாலும் வந்தன. முட்டைக்கு உப்பு கிடையாது. உப்பு கூடினால் நாட்டின் வருமானம் குறைந்துவிடுமாம்.

"அக்கா, இன்னிக்கி சன்னல் பக்கம் நிக்காதீங்க. டீசல் இன்னும் நாப்பது ரூவா ஏறிருச்சு. குப்பம் கொதிச்சுப்போய்க் கெடக்கு" என்றான் லூர்துசாமி.

"எங்க அண்ணன் எப்படி இருக்காரு?"

அவன் பட்டையைச் சுருட்டிக்கொண்டு போனான்.

சன்னலில் கடல் தெரிந்தது. ஏற்றுமதித் துறையில் மூன்று டேங்கர் கப்பல்கள் நின்றன. வனமயிலின் காலடியில் ஓடும் குழாய்தான் அவற்றை நிரப்பியது. இங்கே தோண்டிய எண்ணெய் அந்தக் கப்பல்களில் போய், டீசலாகி, வேறு கப்பல்களில் திரும்பி வந்து, வாங்க முடியாத விலைக்கு விற்றது. ஏற்றுமதி நின்றால் டாலர் வராது என்று தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்கள் நாள் தவறாமல் வாதாடினார்கள். குப்பத்தில் முன்னூறு படகுகள் மணலில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு வாதாடத் தெரியாது.

வனமயிலின் இதயத்தோடு சேர்த்து ஒரு நாடிச்சில்லைத் தைத்திருந்தார்கள். அந்தத் துடிப்பு இருக்கும்வரை குழாயின் பதினேழாம் வால்வு திறந்திருக்கும். துடிப்பு நின்றால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். பிறகு ஒரு வருடத்துக்கு அதை யாரும் திறக்க முடியாது. சில்லைப் பிடுங்கினால் உயிரும் கூடவே போய்விடும்.

இதைக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்தான் என்று நினைத்தால் தப்பு. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் குழாய் வந்தபோது, ஊர் சம்மதம் தந்ததாக ஒரு பத்திரம் காட்டினார்கள். அதில் நாற்பத்தோரு பேரின் கைநாட்டு இருந்தது. அத்தனை பேரும் செத்துப்போனவர்கள். அப்போது இருபத்தாறு வயது வனமயில் மேடையேறித் தொண்டை கிழியக் கத்தினாள். இனிமேல் கையெழுத்து செல்லாது, கைநாட்டு செல்லாது, வாய்வார்த்தையும் செல்லாது, உயிரோடு துடிக்கிற நெஞ்சுதான் சம்மதம் என்றாள். மிரட்டிச் சொல்லவைத்தாலும், காசு கொடுத்துச் சொல்லவைத்தாலும், ஆமாம் என்றாலும் வேண்டாம் என்றாலும் சொல்லை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டத்தில் எழுதவைத்தார்கள். ஜெயித்த அன்று ஊரே மேளம் கொட்டியது. சில்லை நெஞ்சில் சுமக்கும் முதல் நாடியாளாக அவளைத்தான் தோளில் தூக்கிப் போனார்கள்.

போன மாதம் வடக்குக் குழாயின் நாடியாள் ஒருவரைப் பேருந்து நிறுத்தத்தில் வெட்டிப் போட்டுவிட்டார்கள். பாவம், பள்ளிக்கூட வாத்தியார். கப்பல்கள் காலியாகத் திரும்பின. வெளியே போக முடியாத எண்ணெயை உள்ளூரிலேயே சுத்திகரித்து விற்றதால் ஒரே வாரத்தில் அந்தப் பக்கம் டீசல் பாதி விலைக்கு வந்தது. அது நியாயம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வனமயிலுக்குத் தூக்கம் போனது.

பத்து மணிக்கு, அவளை வைத்திருந்த வால்வுக் கட்டடத்தின் முன்னால் ஓடும் வாய்க்கால் கரைக்குக் கூட்டம் வந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். கையில் அரிவாள், துடுப்பு, இரும்புக்கம்பி. முன்னால் வந்தவர் அவள் அண்ணன் தேசப்பன். பதினேழு நாளைக்கு முன் அவர் மகன் பரசு அரை டேங்க் டீசலோடு கடலுக்குப் போனான். நடுக்கடலில் டீசல் தீர்ந்து, நான்காம் நாள் பிணமாகக் கரை ஒதுங்கினான். வனமயில் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அழுதால் நாடி கெடும் என்று பிணம் எடுக்கும்போதுகூட அவளைப் போக விடவில்லை.

காவலர்கள் எச்சரிக்கவில்லை. தலைக்கு மேலே காவல்தும்பி ட்ரோன்கள் சுற்றின, கீழே துப்பாக்கிகள் வெடித்தன. முதல் வரிசை அப்படியே மடிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வாய்க்காலில் விழுந்தான், தண்ணீர் சிவந்தது. தாடை சிதறிய ஒரு பெண் நாலடி நடந்து, பிறகுதான் விழுந்தாள். தேசப்பன் தொடையில் குண்டு வாங்கி, கதவுக்கு இரண்டு முழம் தள்ளிக் கிடந்தார்.

வனமயிலுக்கு அந்த நேரத்தில் சட்டமும் தெரியவில்லை, கம்பெனியும் தெரியவில்லை. கம்பிக்கதவைத் திறந்து அண்ணனின் சட்டையைப் பற்றி உள்ளே இழுத்தாள். சேலையைக் கிழித்துத் தொடையில் கட்டினாள்.

"அண்ணே, அசையாத. ரத்தம் நிக்கட்டும்."

"நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடி?"

"நாலு வருசமா சொல்லிக்கிட்டுதாண்ணே இருக்கேன். எழுதிக் குடுத்தேன், கோர்ட்டுக்குப் போனேன். வார்த்த செல்லாதுங்குறான்."

"நீதானடி செல்லாதுன்னு மேடையில கத்துன." தேசப்பன் அழுதார். "வெளியில கேக்குதா? சாவுறாங்க. நீ ஒருத்தி போனா எல்லாம் நிக்கும். என்னய மன்னிச்சிரு ஆயி."

இடுப்பிலிருந்து மீன் வெட்டும் கத்தியை உருவி அவள் கழுத்துக்கு வீசினார். வனமயில் விலகினாள். கத்தி தோளில் எலும்புவரை இறங்கியது. அவளுக்குச் சாக விருப்பமில்லை. ஊருக்காகவும் இல்லை, பரசுவுக்காகவும் இல்லை. அவ்வளவு வெட்கங்கெட்ட ஆசை தனக்குள் இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் மணிக்கட்டைக் கடித்தாள். அவர் இன்னொரு கையால் அவள் குரல்வளையை நெரித்தார். இருவரும் தரையில் புரண்டார்கள். சற்று முன் தன் கையால் போட்ட காயக்கட்டின் மேலேயே முழங்காலை வைத்து அழுத்தினாள். தேசப்பன் அலறினார், பிடி தளர்ந்தது. கத்தி அவள் கைக்கு வந்தது. ஒரு குத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

லூர்துசாமி ஓடிவந்தபோது அவள் அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்தாள். தோளுக்குத் தையல் போட நான்கே நிமிடத்தில் டாக்டர் வந்தார். திரையில் அதிகாரி ஒருவர் தோன்றினார்.

"அம்மா, அழுத்தம் நூத்தி எண்பதுல இருக்கு. மாத்திரை போட்டுக்குங்க. உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி."

மறுநாள் மதியம் குப்பத்தில் அண்ணனோடு சேர்த்து ஒன்பது பிணங்களை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வனமயில் எழுந்து வெளிவாசலுக்கு நடந்தாள். லூர்துசாமி குறுக்கே நின்றான்.

"எங்கக்கா?"

"எங்கேன்னு ஒனக்குத் தெரியும்."

அவனுடைய தம்பி படகும் அந்த மணலில்தான் கிடந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் திறந்துவிட்டான்.

குப்பத்தில் அவளைக் கண்டதும் ஒப்பாரி நின்றது. ஆண்கள் அரிவாளோடு எழுந்தார்கள். அவள் நேராகப் போய் அண்ணன் பிணத்தருகே இருந்த அண்ணி நீலாவதியின் முன்னால் மண்டியிட்டாள்.

"அண்ணி, நானே வந்துட்டேன். வெட்டச் சொல்லுங்க. கொழாய் நிக்கும். படகு கடலுக்குப் போவும்."

நீலாவதி எழுந்தாள். பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த அரிவாளை வாங்கினாள். வனமயில் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினாள். அரிவாள் அவளுக்குப் பின்னால் எங்கோ மணலில் விழுந்த சத்தம் கேட்டது.

"யாரும் இவ மேல கை வைக்கக்கூடாது" என்றாள் நீலாவதி.

"டீசலுக்கு என்னா வழி நீலாவதி? இத்தன பேரு செத்தது எதுக்கு?" என்று ஒருவன் கத்தினான்.

"எம் புள்ளையும் போயிட்டான், புருசனும் போயிட்டாரு. படகு கடலுக்குப் போனா என்னா, போவாட்டி எனக்கென்னா? செத்தா இவளுக்கு ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். முடியக்கூடாது." அவள் வனமயிலின் தாடையைப் பற்றி நிமிர்த்தினாள். "நல்லா சாப்புடு. முட்ட குடுக்குறாங்கல்ல, தின்னு. நூறு வருசம் இருடி."

புருசனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவளின் சொல்லை மீறி ஒருவரும் கிட்டே வரவில்லை. வனமயில் தன்னை வெட்டச் சொல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கும்பிட்டாள். பிணங்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் சுடுகாட்டுப் பக்கம் போனார்கள். கடற்கரையில் அவள் மட்டும் மிஞ்சினாள். அண்ணனுக்கு அழ இப்போதுதான் அவளுக்கு இடம் கிடைத்தது. இரண்டு கையாலும் நெஞ்சில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டாள். உள்ளே அது துடித்துக்கொண்டே இருந்தது.