சத்யபாமாவின் பன்னிரண்டு கிரெடிட்டுகள்

"இந்த ரெண்டு பேரும் யாரு?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவன் அவள் கொடுத்த இரண்டு தாளையும் காட்டிப் பர்மியத்தில் கேட்டான். சத்யபாமாவின் குடையில் இருந்து சொட்டிய மழைநீர் மேசைக் காலைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது...

இரண்டுமே தான்தான் என்றாள் அவள். இரண்டு வருடம் வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து ஓடி, வேறொரு பயிற்சி நிலையத்தில் ஆங்கிலம் படித்துச் சேர்த்த பன்னிரண்டு கிரெடிட். அந்தச் சான்றிதழில் இருப்பது மா நிலார் வின். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா கொடுத்த பர்மியப் பெயர். அடையாள அட்டையில் சத்யபாமா. ரங்கூன் தமிழர் வீடுகளில் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் இந்தக் கம்யூனிட்டி காலேஜில் டிப்ளமோ சேர, கிரெடிட்டுகளை மாற்ற வேண்டுமே...

"நிலார் வாங்கின கிரெடிட்ட சத்யபாமாவுக்கு எழுத முடியாதுங்க."

தமிழ். அவள் நிமிர்ந்தாள். எந்த ஆபீசிலும் அவள் பெயரை நாலு துண்டாக உடைத்துத்தான் படிப்பார்கள். இவன் ஒரே மூச்சில் முழுதாகச் சொல்லிவிட்டான். சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்... மேசைப் பலகையில் 'கோ மின் தூ' என்று இருந்தது.

"நீங்க தமிழா?"

"வீட்டுல தேவராஜ். எனக்கும் ரெண்டு பேருதான்."

"அப்ப உங்களுக்குப் புரியணுமே."

"எனக்குப் புரியுதுங்க. பாரத்துக்குப் புரியாதே."

அச்சடித்த விண்ணப்பப் பாரம் ஒன்றை நீட்டினான். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று, இரண்டு பெயராலும் அவளை அறிந்த, உறவினர் அல்லாத ஒருவர் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள். இல்லையென்றால் முதல் நிலையில் இருந்து மறுபடியும்... இரண்டு வருடமும் மழையோடு போச்சு.

அன்று மாலையே அவள் அதே காலேஜில், இன்னும் சேராதவர்களும் வரக்கூடிய ஆங்கிலப் பேச்சு வகுப்பில் உட்கார்ந்தாள். ஆசிரியை இருவர் இருவராகப் பேசச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் தேவராஜ். கவுண்டரை மூடிவிட்டு அவனும் மாணவனாம்.

ஐந்து கேள்வி போதும் என்றார் ஆசிரியை. அவள் ஒன்பது கேட்டாள். அவன் மூன்றுக்குத்தான் பதில் சொன்னான்.

"கவுண்டர்ல அந்தப் பேச்சுப் பேசினீங்க?" என்று தமிழில் கிசுகிசுத்தாள்.

"அங்க நடுவுல கண்ணாடி இருக்குங்க."

அவளுக்குக் காது வரை சூடேறியது. எல்லாரிடமும் இப்படித்தான் பேசுவானோ? இருக்கலாம்... ஆனாலும் அவன் முறை வந்தபோது எங்கே தேநீர் குடிப்பாள் என்பதில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலையும் நோட்டில் எழுதிக்கொண்டானே! அதை யாராவது எழுதுவார்களா?

சாட்சி மட்டும் கிடைக்கவில்லை. தெருக்காரர்களுக்கு அவள் பாமா. ஆபீசில் மா நிலார். இரண்டையும் அறிந்தவர் யார்? புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் பளிச்சென்று தோன்றியது. தேவராஜுக்குத் தெரியுமே!

கேட்டாள். அவன் பாரத்தை வாங்கி, திருப்பி, மறுபக்கத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு பேனாவை மூடினான்.

"நான் போட முடியாதுங்க."

ஏன் என்று கேட்க அவள் ரோஷம் விடவில்லை. ஒன்பது கேள்வி கேட்டவளை இளக்காரமாக நினைத்துவிட்டான்... பாரத்தைக்கூட வாங்காமல் படியிறங்கிவிட்டாள். வியாழக்கிழமை வகுப்புக்கும் வரவில்லை.

பாரத்தையாவது திரும்பக் கேட்கலாம் என்று வெள்ளி மூன்றரைக்குப் போனால், கவுண்டரில் வேறொரு பெண் இருந்தாள். கோ மின் தூ காலையிலேயே விடுப்பு எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னாள். அவ்வளவுதான் என்று சத்யபாமா திரும்பியபோது, தொப்பலாக நனைந்த லோஞ்சிக் கைலியோடு அவன் மூச்சிரைக்கப் படியேறி வந்தான். சட்டைக்குள் இருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உள்ளே பாரம், நனையாமல்.

பர்கத்துல்லா கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் ஆபீஸ் எதிரே டீக்கடை வைத்திருப்பவர். அவளைப் பாமா என்று கூப்பிட்டுவிட்டு, ஆபீசுக்குள் மா நிலார் என்ற பெயர்க் கணக்கில் டீ அனுப்புகிறவர். அவள் வகுப்பில் சொன்னதுதான், அவளுக்கே உறைக்கவில்லை. கடை பூட்டியிருக்கவே, அவர் மகள் வீட்டைத் தேடி நகரத்தின் வடகோடி மிங்கலாடோன் வரை பஸ்ஸில் போய் வந்திருக்கிறான்.

நான்கடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் முத்திரை விழுந்தது. பன்னிரண்டும் சத்யபாமாவுக்கே. முத்திரை மையைத் தொட்டுப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டாள். ஆனாலும் கோபம் போகவில்லை.

"இந்தக் கையெழுத்த நீங்களே போட்டிருக்கலாமே? இவ்வளவு தூரம் அலைஞ்சு..."

அவன் பாரத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரல் வைத்தான். 'சாட்சி, மாணவருக்கு உறவினர் அல்ல. உறவினராகும் எண்ணமும் இல்லை.'

அவள் இருமுறை படித்தாள்.

"முதப் பாதி உண்மைதாங்க," என்றான், தரையைப் பார்த்தபடி. "ரெண்டாவது பாதி பொய்யாயிடுமே... என் கையால அத எழுத முடியல."

அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் விரல் எடுத்த இடத்தில் தன் விரலை வைத்து அந்த வரியை மறைத்தாள்.

"கிளாசுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு," என்றாள். "தலையத் துவட்டிட்டு வாங்க. எங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு சேர்ந்து யோசிக்கலாம். எனக்கு அந்த வரி மேல... உங்கள விட ஜாஸ்தி கோபம்."