முழங்காலுக்கு ஒரு முழம்

மழைக்குப் பயந்து ஓடி வந்தவள், மனிதன் மேல் விழுந்தாள்.

1953, நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை. செங்கல்பட்டுக் கோயிலில் ஜெபம் தொடங்கிவிட்டது. எல்லோரும் பெஞ்சுகளில் அமர்ந்து கண்ணை மூடியிருக்க, சாராள் சொட்டும் குடையோடு நடுவழியில் நுனிக்காலில் வந்தாள். அந்த வழியில் இரண்டு கால்கள் நீண்டு கிடக்கும் என்று யார் நினைப்பார்கள்? மிதித்து இடறினாள்.

"கோயில்ல எவனாச்சும் கால நீட்டிப் படுப்பானா?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"படுக்கலைங்க... முழங்கால்ல நிக்கேன். பெஞ்சுக்கு நடுவுல எடம் இல்ல."

அவன் நிமிர்ந்தான். குடையிலிருந்து தெறித்த துளி ஒன்று அவன் இமையில் நின்றது. விழவில்லை... அவள் பார்வையும் அங்கிருந்து நகரவில்லை.

ஆராதனை முடிந்தும் மழை விடவில்லை. முகப்பில் ஒதுங்கி நின்றபோது அவனே பேசினான். பெயர் அருமைநாயகம். திருநெல்வேலிப் பக்கம். மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் வேலை. மாதம் ஒரு ஞாயிறு விடுப்பு.

"எங்க ஊர்ல முழங்கால் போட்டுத்தான் அப்பம் வாங்குவாவ. இங்க உக்காந்துக்கிட்டே வாங்குதிய... கல்யாணப் பந்தி மாதிரி!"

"ஆமா, பந்திதானே? சொந்த ஊட்ல புள்ளைங்க உக்காந்துதான் சாப்டும்."

"எனக்கு அவ்வளவு தைரியம் வரலைங்க. பசிச்சவன் கை ஏந்துற மாதிரிதான் ஏந்தத் தோணுது." பஸ் வந்தது. படியில் ஏறியவன் திரும்பினான். "அடுத்த மாசம் பாத்து வாங்க. ரெண்டு காலும் எனக்கு வேணும்!"

அடுத்த மாதம் பார்த்துத்தான் வந்தாள்... கால்களை அல்ல, அவனை. ஜனவரியில் அவன் போதகர் மூலம் பெண் கேட்டான்.

சாராளின் தகப்பனார் மோசஸ் சபையின் மூப்பர். அப்பத்தட்டை பெஞ்சு பெஞ்சாக ஏந்திப் போகிறவர் அவர்தான்.

"அவங்க திருநெல்வேலி சபையும் நம்ம சபையும் ஒண்ணாயி ஆறு வருஷம் ஆச்சு. காகிதத்துல ஒண்ணாயிட்டோம். முட்டி ஒண்ணாவலையே!" என்றார். "எங்க நைனாவ ஊர்ல எவன் எதிர்லயும் உக்கார வுடல. இந்தக் கோயில்லதான் மொதமொதல்ல பெஞ்சுல உக்காந்தாரு. உக்காந்தே அப்பம் வாங்கனாரு. அத வுட்டுட்டு மறுபடி மண்டி போடறதா? வர்ற மாசம் அவன் உக்காந்து வாங்கட்டும். அப்பறம் பொண்ணப் பத்திப் பேசலாம்."

அந்த ஒரு மாதம் சாராளுக்கு ஒழுங்காக மூச்சு வரவில்லை. மாலை டைப்ரைட்டிங் வகுப்பில் ஒரே பக்கத்தில் ஒன்பது பிழைகள். உட்காருவானா? உட்காராவிட்டால் அவன் கிடைக்க மாட்டான். உட்கார்ந்தால்... தனக்காக ஆண்டவர் முன் நடித்தவன் ஆகிவிடுவான். அந்த முகத்தை ஆயுள் முழுக்க எப்படிப் பார்ப்பது? எதற்காக ஜெபிப்பது என்றே தெரியாமல் ஜெபித்தாள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு. அவன் வந்தான்.

உட்கார்ந்தான்.

அவளுக்குப் பெண்கள் பக்கத்திலிருந்தே அவன் நெற்றி வியர்வை தெரிந்தது. மோசஸ் தட்டோடு அவன் முன் வந்து நின்றார். அவன் கை பாதி எழுந்தது... நின்றது... தாழ்ந்தது.

"முடியலைய்யா. மன்னிச்சிருங்க." எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான்.

"நைனா!"

கோயிலே திரும்பியது. தான் எழுந்து நிற்பது சாராளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"தாத்தாவ உக்காரக் கூடாதுன்னாங்க. நாம இவர உக்காந்தே ஆவணும்ன்றோம். இன்னா நைனா வித்தியாசம்?"

தட்டோடு நின்ற மோசஸ் மகளைப் பார்த்தார். வாசலருகே நின்றுவிட்டவனைப் பார்த்தார். பிறகு முன் பெஞ்சின் பக்கம் திரும்பினார்.

"முன் பெஞ்சுக்காரங்க எழுந்திரிங்கப்பா. பெஞ்ச ஒரு முழம் தள்ளுங்க. இந்த இடுக்குல எவன் முட்டி போடுவான்? தம்பி, இங்க வா."

பெஞ்சு கிரீச்சிட்டு நகர்ந்தது. அருமைநாயகம் முழங்காலிட்டான். மோசஸ் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து கொடுத்தார். பிறகு பெண்கள் பக்கம் வந்தார். சாராள் உட்கார்ந்தே வாங்கினாள், அதே ரொட்டியின் இன்னொரு துண்டை.

முகப்பில் இன்று மழை இல்லை. ஒதுங்கி நிற்கக் காரணமும் இல்லை. இருவரும் நின்றார்கள்.

"உக்காந்தா நீங்க கெடைப்பியன்னு நெனச்சேன்... கை வரல."

"மாசம் பூரா பயந்துகினே இருந்தேன்."

"எதுக்கு? உக்காருவேன்னா, மாட்டேன்னா?"

"ரெண்டுக்குந்தான்."

அவன் சிரிக்க முயன்றான். "சாராள்... எனக்கு உங்கள..." சற்று முன் கை நின்றது போலவே வார்த்தையும் பாதியில் நின்றது.

"சொல்லுங்க. பஸ் வந்துடும்."

"பிடிச்சிருக்கு. அன்னைக்கு மிதிச்சியள்லா, அப்பவே பிடிச்சிருச்சு."

அவள் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குந்தான்... ஆனா நான் உக்காந்துதான் ஜெபம் பண்ணுவேன். எப்பவும்."

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நம்ம வீட்டுல உங்களுக்குப் பெஞ்சு போட்டுருவோம்... முன்னால எனக்கு ஒரு முழம் விட்டு."