ஐந்தேகால் அடிப் பள்ளம்

சம்மட்டியின் மூன்றாவது அடியிலேயே சத்தம் சரியில்லை என்று வினிதாவுக்குப் பட்டது.

முதல் இரண்டு அடிக்கும் கான்கிரீட் தரை முரட்டுத்தனமாகக் குரல் கொடுத்தது. மூன்றாவது அடி, பழைய ஷவர் நின்றிருந்த மூலையில் விழுந்தபோது, சத்தம் பாதியிலேயே செத்துப்போனது. பதினெட்டு வருடமாக ஓசூர் சிப்காட்டில் வார்ப்பிரும்புப் பாகங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதால் தரம் பார்ப்பவள் அவள். உள்ளே ஓட்டை இருந்தால் இரும்பு எப்படி ஒலிக்கும் என்று தெரியும்.

"கோவிந்தண்ணா, அதே எடத்துல இன்னொருக்கா தட்டுங்க."

கோவிந்தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தட்டினார். கொத்தனார் வேலையும் குழாய் வேலையும் சேர்த்துப் பார்ப்பவர். "பழைய வூடும்மா. கீழ மண்ணு எறங்கியிருக்கும். அது ஒண்ணும் ஆவாது."

மின்னலடித்த மாதிரி விரிசல் ஓடியிருந்த ஷவரின் கண்ணாடிக் கூண்டை முந்தின நாள்தான் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். முழங்கைகளை விரிக்க முடியாத கூண்டு. அதற்குப் பதில் ஐந்தடி நீள வெள்ளைத் தொட்டி வரப்போகிறது. தண்ணீர் போகும் குழாயை நகர்த்தத்தான் தரையை உடைக்கிறார்கள். லேடீஸ் ஹாஸ்டலில் வரிசையில் நின்று நின்று குளித்தவள் அவள். பிறகு புகுந்த வீட்டில் ஒன்பது பேருக்கு ஒரே குளியலறை; ஐந்து நிமிடம் தாண்டினால் யாராவது கதவைத் தட்டுவார்கள். விவாகரத்து வாங்கி, தனக்கென்று இந்த வீட்டை வாங்கியபின் அவள் முதலில் ஆசைப்பட்டது, வெந்நீரில் படுத்துக் குளிக்க வேண்டும் என்பதற்குத்தான்.

ஊத்தங்கரையிலிருந்து அண்ணன் தங்கதுரை போனில் கேட்டிருந்தான்: "ஒத்தப் பொம்பளைக்கு எதுக்குடி பாத்டப்? பக்கெட் பத்தாதா?"

"பத்தாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கான்கிரீட் பெயர்ந்ததும் கீழே மண் இல்லை. ஒரு பள்ளம் இருந்தது. நாலடி நீளம். ஒரு முனையில் குறுகி, பிறகு அகன்று, மறுபடி ஒடுங்கிக்கொண்டே போனது. சுவர்கள் கரண்டியால் பூசித் தேய்த்ததுபோல வழுவழுப்பாக, ஈரமாக இருந்தன. உள்ளேயிருந்து ஒரு வாசம் வந்தது. சாக்கடை வாசம் இல்லை. பல நாள் எண்ணெய் வைத்துக் குளிக்காமல் விட்ட தலைமுடியின் வாசம்.

"பெருச்சாளியாண்ணா?"

கோவிந்தன் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். "பெருச்சாளி பறிச்சா மண்ணை வெளிய தள்ளுமேம்மா. இந்த மண்ணெல்லாம் எங்க போச்சு?"

வினிதா குனிந்து கையை விட்டுப் பார்த்தாள். அடிமண் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கை மாதிரி.

கையை எடுத்துச் சுடிதாரில் துடைத்தாள். "மூடுங்க."

கருங்கல் ஜல்லி கொட்டினார்கள். அதன்மேல் மணல். தண்ணீர் ஊற்றி, இடித்து இறுக்கி, புதுக் குழாயைப் பதித்து, மேலே கான்கிரீட் போட்டுவிட்டுக் கோவிந்தன் போனார். அந்த மாதம் முழுக்க அவளுக்கு நைட் ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வீடு வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, பகல் வெளிச்சம் ஓரங்களில் கசிய, வெளியே தண்ணீர் லாரியின் ஹாரனும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் கேட்க, அவள் தூங்க முயன்றாள். அப்போதெல்லாம் குளியலறையிலிருந்து மணல் சரியும் மெல்லிய சத்தம் வந்தது. கொஞ்சம் சரியும். நிற்கும். மறுபடி கொஞ்சம். புதுக் கான்கிரீட் இறுகும் சத்தம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கான்கிரீட் அப்படிச் சத்தம் போடாது என்பது அவளுக்குத் தெரியும்.

நாலாம் நாள், சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியதால் கம்பெனி பஸ் தாமதமாகி, ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தாள். பையைக் கூடக் கீழே வைக்காமல் குளியலறைக்குப் போய், சாவிக்கொத்தால் தரையைத் தட்டினாள்.

சத்தம் பாதியில் செத்தது.

கோவிந்தன் வந்து உடைத்தார். மேலே கான்கிரீட் கல் மாதிரி இறுகியிருந்தது. கீழே ஜல்லி இல்லை. மணல் இல்லை. பதித்த குழாய் மட்டும் பள்ளத்தின் குறுக்கே அந்தரத்தில் தொங்கியது. அவர் டேப்பைப் பிடித்து அளந்தார். இரண்டாம் முறையும் அளந்தார்.

"அன்னைக்கு நாலடிம்மா. இன்னைக்கு அஞ்சேகால்."

வினிதாவின் உயரம் ஐந்தேகால் அடி. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"வூட்டைப் பூட்டிக்கினு அண்ணனூருக்குப் போயிடும்மா. யாருனா ஒரு பூசாரியைக் கூட்டியாந்து பாத்துட்டு, அப்புறம் குடியிரு. நான் சொல்றது உன் நல்லதுக்குத்தான்."

"எங்கயும் போறதா இல்லண்ணா." அவள் குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது. "இது என் வூடு. ஒருத்தருக்குப் பயந்து ஒரு வூட்டை வுட்டு வந்துட்டேன். இன்னொரு தடவ வரமாட்டேன். கம்பி கட்டுங்க. கான்கிரீட்டை ரெண்டு மடங்கு போடுங்க. தொட்டிய வெச்சிட்டுப் போயிடுங்க, அது போதும்."

அவர் செய்து கொடுத்தார். பள்ளம் நிறையக் கான்கிரீட் ஊற்றி, விரல் தடிமன் கம்பியைக் கட்டி, அதன்மேல் இன்னொரு அடுக்கு போட்டார். நன்றாக இறுகியதும் தொட்டியைக் கலவையில் உட்காரவைத்துக் குழாயை இணைத்தார். வேலை முடியும்வரை ஒருமுறைகூட அந்த மூலைக்கு முதுகைக் காட்டவில்லை. போகும்போது சொல்லிக்கொண்டும் போகவில்லை.

கலவை காய்ந்த நாளின் காலை, வேலையிலிருந்து வந்ததும் வினிதா கீஸரைப் போட்டாள். குழாயைத் திறந்தாள். ஆவி எழுந்து, ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் வெள்ளையாகச் சுழன்றது. சந்தன சோப்பு. ஈரச் சிமெண்ட். அவற்றுக்கு அடியில், மிக லேசாக, அந்தத் தலைமுடி வாசம். கதவைத் தாழ் போடவில்லை. அகலமாகத் திறந்தே வைத்தாள். இந்த வீட்டில் யாருக்கும் அவள் ஒளிய வேண்டியதில்லை.

உள்ளே இறங்கி, கால்களை நீட்டிப் படுத்தாள். நாற்பத்து மூன்று வருடத்தில் முதல்முறையாகத் தண்ணீர் அவளைத் தாங்கியது. தோள்கள் தளர்ந்தன. கண்ணில் நீர் வந்தது. முழங்காலை மடக்கி இன்னும் கீழே சரிந்தாள். காதுகள் தண்ணீருக்குள் போயின. தண்ணீர் லாரி, குக்கர், தெருவில் கன்னடத்தில் யாரோ போட்ட சண்டை, எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன.

இதயத்துடிப்பு கேட்டது. அவளுடையது.

அதற்குப் பின்னால் இன்னொன்று. மெதுவாக.

அவளுடையது நாலு துடிக்க, அது ஒன்று.

வினிதா அசையவில்லை. மூச்சை அடக்கினாள். பிறகு வேண்டுமென்றே இடப்பக்கம் கொஞ்சம் சரிந்தாள்.

கீழே மணல் சரிந்தது.

அங்கே மணலே கிடையாது.

வலப்பக்கம் சரிந்தாள். அதுவும் சரிந்தது.

எழுந்துவிடு என்று உடம்பு முழுவதும் கத்தியது. திறந்த கதவு நாலடி தூரத்தில் இருந்தது. கூடத்தில் வெயில் இருந்தது. எழலாம். துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடலாம். ஊத்தங்கரை பஸ் ஏறலாம்.

"மாட்டேன்" என்றாள். தண்ணீருக்குள் அந்தச் சொல் பெரிதாகக் கேட்டது. "எழுந்திரிக்க மாட்டேன். நீ போ."

கீழே அசைவு நின்றது.

பிறகு தொட்டியின் அடி சூடானது. குதிகாலில் ஏதோ உருண்டையாக முட்டியது. தொட்டி உள்நோக்கிப் புடைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு குதிகால். பிறகு இடுப்பு. பிறகு முதுகெலும்பின் மேல் ஒரு முதுகெலும்பு, கணு கணுவாக. பின்தலையில் ஒரு பின்தலை வந்து பொருந்தியது. வெள்ளைத் தகடு மட்டும் நடுவில். முதுகோடு முதுகு.

அவளுடைய உயரம்தான். அச்சு அசல்.

வினிதா தொட்டியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்தாள். எழுவதற்கு அல்ல. தன்னையே கீழே அழுத்த. பதினெட்டு வருடம் இரும்பு தூக்கிய கைகள். முழு பலத்தோடு அழுத்தினாள். புடைப்பு ஒரு நூல் அளவு இறங்கியது. இன்னும் ஒரு நூல்.

"என் வூடு" என்றாள்.

மணல் சரிந்தது. நீண்ட நேரம் சரிந்தது. அது திரும்பிப் படுத்தது.

இப்போது முதுகின்மேல் முதுகு இல்லை. தோள்பட்டைகளுக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகள் விரிந்தன. பிடரியில் ஒரு நெற்றி. ஒரு மூக்கு.

அவள் விளிம்பை விடவில்லை.

கழுத்தின் அடியில், மெலிந்துகொண்டே வந்த தகட்டின் மறுபக்கத்தில், இரண்டு உதடுகள் மெல்லத் திறந்தன.