மூன்று முறை சொன்னது

பின் டயரில் ஆணி ஏறியபோது காலை பதினொன்றரை மணி இருக்கும். திவ்ரீயை விட்டு நாற்பது கிலோமீட்டர் வந்திருந்தோம். துருக்கியின் மேற்கே, எங்கள் ஊரான எஸ்கிஷெஹிரிலிருந்து கிளம்பிய ஆறு நாளில் இது நான்காவது தொல்லை. உப்பு ஏரிக்கரையில் கிளட்ச் கேபிள் அறுந்தது. சிவாஸுக்கு முன்னால் ஆட்டு மந்தை நாய் ஒன்று துரத்தி, என் கால்சட்டையில் பாதியை வாங்கிக்கொண்டது. திவ்ரீயில் எண்ணூறு வருஷத்துக் கல் வாசலை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒழுங்காக நிறுத்தாத மோட்டார் சைக்கிள் சாய்ந்து பக்கக் கண்ணாடி உடைந்தது.

"இப்போ டயரா?" என்றாள் பெரிஹான், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "உடைய வேண்டியதெல்லாம் உடைஞ்சாச்சு. இனி பாக்கி நீயும் நானும்தான்."

பெரிஹான் என் மனைவி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினாள். குச்சியால் வரைபடத்தில் தொட்டுக் காட்டிய ஊர்களை எல்லாம் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், கடைசியில் நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள வான் என்கிற ஏரியில் இறங்கிக் குளிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நான் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர் நெஜ்மி. யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுகிற வாய் என்னுடையது. சிவாஸில் சாப்பாட்டுக் கடைக்காரன் வற்புறுத்தினான் என்று மூன்றாவது தட்டு கொத்துக்கறி உருண்டையும் தின்றுவிட்டு, ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"வேண்டாம்னு சொன்னா அவன் என்ன அழுதுடுவானா?" என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

சாலையிலிருந்து பிரிந்து ஒரு மண் பாதை மேலே ஏறியது. மேட்டில் சின்ன பள்ளிவாசல் கோபுரம் தெரிந்தது. ஊர் இருந்தால் காற்றடிக்கும் பம்பும் இருக்கும் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். ஊர்ப் பெயர்ப் பலகை துருப்பிடித்து, எழுத்தே இல்லாமல் நின்றது.

ஊருக்குள் சத்தமே இல்லை. கோழி இல்லை, நாய் இல்லை. கல் வீடுகளின் ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. வெயில் மட்டும் பொடிபொடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

பெரிஹான் ஒரு முசுக்கட்டை மரத்தடியில் வண்டியோடு நின்றுகொண்டாள். நான் பள்ளிவாசலைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.

அங்கே ஒரு ஜனாஸா, செத்தவருக்கான கடைசித் தொழுகை.

கல் மேடையில் பச்சைத் துணி போர்த்திய சவப்பெட்டி. அதன் எதிரே எட்டு ஒன்பது ஆண்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். முன்னால் இமாம். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு காரியம் கண்ணில் பட்டால், தெரிந்தவரோ தெரியாதவரோ, வழிப்போக்கனும் நின்று வரிசையில் சேர வேண்டும். சேராமல் போகிறவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன்.

பன்னீர் வாசனை வரும் என்று எதிர்பார்த்தேன். டீசல் வாடை அடித்தது.

தொழுகை முடிந்தது. இமாம் எங்கள் பக்கம் திரும்பினார். வயதே சொல்ல முடியாத முகம், இமை முழுக்கப் புழுதி.

"இவரை எப்படி அறிஞ்சிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்கு நாடு முழுக்க ஒரே பதில்தான். செத்தவன் ஊரையே கொளுத்தினவனாக இருந்தாலும் "நல்லவரா அறிஞ்சோம்" என்று எல்லாரும் சேர்ந்து சொல்லிவிடுவார்கள். அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இமாம் மறுபடியும் கேட்டார்.

வரிசையில் நின்ற எல்லாரும் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள்.

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஒரு பிணத்தை இப்படி அவமானப்படுத்துவதா என்று தோன்றியது. "நல்லவரா அறிஞ்சோம்" என்றேன். என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"இவர் மேல உங்களுக்கு இருக்கிற பாத்தியதை எல்லாத்தையும் ஹலாலாக்கிட்டீங்களா?"

செத்தவன் உனக்கு இழைத்த தீங்கு எதுவானாலும், இனி அவனிடம் கேட்க மாட்டேன், மறுமையிலும் கேட்க மாட்டேன் என்று விட்டுக்கொடுப்பது அது. முகம் தெரியாத ஒருவன் எனக்கு என்ன தீங்கு செய்திருக்கப் போகிறான்?

"ஹலால் ஆகட்டும்" என்றேன்.

இமாம் இரண்டாவது தடவை கேட்டார். சொன்னேன். பெட்டியின் அடியிலிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று கல்லில் சொட்டியது. மூன்றாவது தடவை கேட்டபோது வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

வரிசை முழுக்க ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டது.

நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். வெறும் பெட்டியைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் மூலையைத் திரும்பினார்கள். கடைசியாகப் போன மீசைக்காரரின் பக்கத்தில் நானும் நடந்தேன்.

"இறந்தது யாருண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்க ஊர்க்காரன்தான். லாரி ஓட்டுவான்."

"எப்போ?"

"இன்னைக்கு. ரோட்டுல." அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். "குடிச்சிட்டு ஓட்டினான். எங்க யாருக்கும் அவனுக்கு விட்டுக்குடுக்க மனசு வரல. எங்க பாத்தியதையும் இல்ல அது. உங்களோடது."

"எனக்கு அவரைத் தெரியவே தெரியாதேண்ணே."

"அவன் தனியா போகல தம்பி. ஒரு பொம்பளையும் கூடப் போச்சு."

அப்போதுதான் அவர் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. முசுக்கட்டை மரம் இருந்த திசையைப் பார்த்தார்.

மூலையைத் திரும்பினேன்.

யாருமே இல்லை.

இடுப்பளவு வளர்ந்த காஞ்சொறிச் செடிகளுக்கு நடுவே பழைய கபர்களின் தலைக்கற்கள் சரிந்து கிடந்தன. புது மண் எங்கேயும் இல்லை. மிதித்த தடம்கூட இல்லை. "நான் சொன்னது செல்லாது, திருப்பி எடுத்துக்கறேன்" என்று அந்தச் செடிகளைப் பார்த்துக் கத்தினேன். என் குரல் சுவரில் பட்டு என்னிடமே வந்தது.

ஓடி வந்து பெரிஹானின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மரத்தடியிலிருந்து, பள்ளிவாசலின் பின்பக்கம் தெரிகிற அளவுக்கு எட்டி வந்திருந்தாள்.

"பின்னால அந்தக் கல் மேடை முன்னாடி தனியா நின்னு யார்கிட்ட பேசிட்டிருந்த?"

"தனியாவா?"

"பின்னே? வாய் அசையுது, தலை ஆடுது. வெயில் மண்டைக்கு ஏறிடுச்சான்னு பார்த்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். முதலில் சிரிக்கவும் செய்தாள். பிறகு முகம் மாறியது.

"உன் பங்கை நீ விட்டுட்ட. சரி. என் பங்கை யாரைக் கேட்டு விடுவ?"

"பெரிஹான், இப்போ அதுவா முக்கியம்?"

"முக்கியம்தான். எவன் வந்து கேட்டாலும் என்னையும் சேர்த்துத்தான் தூக்கிக் குடுக்கிற. நான் விடல. கேட்டுக்கோ, நான் விடல." யாருக்கோ கேட்கட்டும் என்பது போல் குரலை உயர்த்தியே சொன்னாள்.

அந்த ஊரில் அவளை ஒரு நிமிஷமும் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை. தண்ணீர் ஒரு மடக்குதான் மீதி. ஆறு கிலோமீட்டர் கீழே ஒரு சிறு நகரம் இருந்தது. ஆனால் சாலையில் அவளைக் கால் வைக்க விட மாட்டேன் என்று முடிவு செய்தேன். லாரி சாலையில்தானே வரும்? சாலைக்குக் கீழே, மழை இல்லாமல் வறண்டு கிடந்த ஓடை ஒன்று நகரத்துப் பக்கமாகவே போனது. அதில் இறங்கினோம். காற்று இறங்கிய டயர் கூழாங்கற்களில் புதைந்து புதைந்து வந்தது. நான் தள்ள, அவள் பின்னால் நடந்தாள்.

"வான் ஏரிக்குப் போறதுக்குள்ள எனக்கு எழுபது வயசாகிடும்" என்றாள்.

"ஆகட்டும்" என்றேன். அவளுக்கு எழுபது வயது ஆக வேண்டும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு மணி நேரம் நடந்தோம். சாலை ஓடையைக் கடக்கிற இடத்தில் ஒரு சின்னப் பாலம். அதன் நிழலில் அவள் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பூட்ஸுக்குள் புகுந்த கூழாங்கல்லை எடுக்க, ஒன்றைக் கழற்றி உதறினாள். வண்டியைச் சமதரையில் நிறுத்துவதற்காக நான் பத்தடி முன்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"நெஜ்மி."

"என்ன?"

"டீசல் வாடை வருது."

வந்தது. எனக்கும் வந்தது.

நான் வண்டியைக் கைவிட்டு அவளை நோக்கி ஓடினேன். தலைக்கு மேலே ஹாரன் ஒன்று நீளமாக, நிற்காமல் அலறியது. பாலத்துக் கைப்பிடிச் சுவர் உடைந்தது. நான் மூன்றடிகூட வைத்திருக்க மாட்டேன்.

லாரி மேலிருந்து விழுந்தது.

லாரி ஓட்டியவன் உள்ளேயே இறந்துபோனான். வண்டிக்கு அடியிலிருந்து பெரிஹானை எடுக்கச் சாயங்காலம் ஆனது. சாலைக்கு வராதே என்று அவளைக் கொண்டுபோய் அந்த இடத்தில் உட்கார வைத்தவன் நான்தான். இதை யாரிடம் சொல்லி அழுவது?

மேலே இருக்கும் ஊரைப் பற்றி, விசாரிக்க வந்த ஜென்டர்மா போலீஸ் அதிகாரியிடம் கேட்டேன். மண் சரிந்ததில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே காலி செய்த ஊர், இமாமும் இல்லை, குடியிருப்பவரும் இல்லை என்றார்.

அதன் பிறகு எனக்கு நேர்ந்ததை வீட்டார் யாரும் புரிந்துகொள்ளவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. என் மனைவியைக் கொன்றவன் அவன். பத்திரிகையில் வந்த அவன் புகைப்படத்தை மேஜையில் வைத்துக்கொண்டு திட்ட முயன்றேன். சாபம் கொடுக்க முயன்றேன். வார்த்தை வாய் வரைக்கும் வந்து ஆவியாகிப்போனது. நெஞ்சில் கோபம் இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருந்தது. என்னிடமிருந்து அதைத்தான் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். செய்யப் போகிற காரியத்துக்கு முன்னாலேயே.

நாற்பது நாள் கழித்து ஒரு மத்தியானம் வாசல் மணி அடித்தது. முக்காடு போட்ட, வற்றிப்போன ஒரு பெண். பேருந்தில் பதினான்கு மணி நேரம் வந்தவள்.

"என் பேரு ஹாஜெர். லாரி ஓட்டினவனோட அம்மா."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். தேநீர் கொடுத்தேன். அவள் தொடவில்லை.

"தம்பி, என் மகன் கனவுல வந்தான். நீங்க அவனுக்கு ஹலாலாக்கிட்டீங்கன்னு சொன்னான். மூணு தடவை சொன்னீங்களாம். விரலை மடக்கி மடக்கிக் காட்டினான். இந்த வீட்டு விலாசமும் அவன்தான் சொன்னான்."

அந்த மூன்று தடவையைப் பற்றிப் பெரிஹானைத் தவிர யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

"அல்லா உங்களை நல்லா வச்சிருக்கட்டும். ஆனா அந்த அம்மா விடல." அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "தினமும் விடியக்காலையில எங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. ஒரு கால்ல பூட்ஸு இருக்கு, ஒரு கால்ல இல்ல. கதவைத் தட்டறதில்ல, பேசறதில்ல. வெயில் ஏறினதும் போயிடறாங்க. போய்ப் பார்த்தா அவன் கபர் மண்ணு ஒரு சாண் தோண்டிக் கிடக்கு. நாங்க மூடறோம். மறுநாளும் கிடக்கு. நேத்து ஒரு முழம்."

தேநீர்க் கோப்பையை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"நீங்க சொன்னா கேப்பாங்க தம்பி. அவங்களையும் விட்டுடச் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

கையெடுத்துக் கெஞ்சுகிற ஒரு தாய். எனக்கு அவள் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. சரி என்கிற சொல் வழக்கம்போல் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது.

"மாட்டேன்மா" என்றேன். "அது அவளோட பங்கு."

ஹாஜெர் எழுந்து வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்தவள் சட்டென்று பின்வாங்கினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்று, தலையைக் குனிந்து வழிவிட்டாள். படிக்கட்டில் எனக்கு யாரும் தெரியவில்லை. வழிவிட்ட பிறகு அவள் திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாக இறங்கிப் போனாள்.

நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். எனக்குப் பின்னால், சமையலறையில், யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.