மேகத்தில் மூன்றாவது நிழல்

“வளையமாவது, வடையாவது! மேகத்துல நம்ம நிழல் விழுமாம், தலையச் சுத்தி வானவில் கட்டுமாம். சொல்றதுக்கு ஒரு ஆளு, நம்புறதுக்கு ஒரு ஆளு!” என்று சிரித்தார் மொக்கராசு.

அவர் மனைவி புவனமணி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆனைமுதுகு மலையில் ஏறினாள். போடியில் தபால் நிலைய வேலை. ஞாயிறானால் மேகம் தேடி நடை. மீன்செதில் மேகம், சூரியனுக்குப் பக்கத்தில் நிற்கும் போலிச் சூரியன் எல்லாம் அவள் கேமராவில் அகப்பட்டுவிட்டன. வளையம் மட்டும் ஐந்து வருஷமாகப் போக்குக் காட்டியது. அவள் தம்பி ஒச்சப்பன் இட்லித் தூக்கோடு பின்னால் வந்தான்.

கூடவே வந்த மொக்கராசுவின் கேலி பாதி மலைவரை ஓயவில்லை. “நீங்க வராட்டி மேகம் ஒண்ணும் கோவிச்சுக்காது!” என்று சீறினாள் புவனமணி.

“அப்படியா சேதி?” மொக்கராசு குஞ்சம் வைத்த குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, இடப்பக்கப் பாதையில் விறுவிறுவென்று போய்விட்டார். இவர்கள் வலப்பக்கப் பாதையில் ஏறினார்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய பாறைப் பிளவு. போன வருஷம் அதில் யாரோ போட்ட கல் இன்னும் விழுந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

உச்சியை நெருங்கும்போது மூடுபனி வந்தது. சாதாரணப் பனியா அது! ஒச்சப்பன் கையிலிருந்த இட்லி வாய்க்கு வழி தெரியாமல் காதுக்குப் போய்விட்டது.

“ஏங்க! ஏங்க!” என்று கூவினாள் புவனமணி. பதில் இல்லை. காற்று இவர்கள் பக்கமிருந்து அடித்தது. அவர் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. “நாந்தான்டா வாயக் கொடுத்துக் கெடுத்தேன்,” என்றாள். மறுபடியும் “ஏங்க!”

திடீரென்று முதுகில் வெயில் சுட்டது. எதிரே சுவர்போல் நின்ற மேகத்தில் ராட்சச நிழல்கள்! அவள் நிழலின் தலையைச் சுற்றிச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக வட்டம்! கண்ணை அதைவிட்டு எடுக்கவே முடியவில்லை. விரல் தானாகவே இரண்டு முறை அழுத்தியது. உடனே பனி மூடிக்கொண்டது.

“புருஷனக் காணோம், எனக்குப் படம் ஒரு கேடா!” புவனமணி அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

கேமராவை வாங்கிப் பார்த்த ஒச்சப்பன் மெல்லச் சொன்னான். “அக்கா, நாம ரெண்டு பேருதான? இதுல மூணு தலை இருக்கே!”

படத்தின் இடது ஓரத்தில் மூன்றாவது நிழல். அதன் உச்சியில் குஞ்சம்!

“மாமாதான்!” என்று குதித்தான்.

புவனமணி கேமராவைப் பிடுங்கி அடுத்த படத்தைப் பார்த்தாள். நிழல் இன்னும் கிட்டே வந்திருந்தது. அவள் கூப்பிடக் கூப்பிட, குரலை நோக்கி அவர் நடந்து வருகிறார். நடுவில் பிளவு!

“நில்லுங்க! ஏங்க, நில்லுங்க!”

மொக்கராசு அதற்கெல்லாம் நிற்கிற ஆளா? சரளைக்கல் சரசரவென்று நெருங்கியது.

புவனமணி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். “டேய் மொக்கராசு! நில்லுடா!”

சரசரப்பு நின்றது. காற்றும் நின்றது. பன்னிரண்டு வருஷத்தில் ஒருதரம்கூடப் புருஷன் பேரைச் சொல்லாத வாய் அது. மேகமே மிரண்டு ஒதுங்கியதாக ஒச்சப்பன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். எப்படியோ, பனி விலகியது. எதிரே கொக்குபோல ஒற்றைக் காலில் மொக்கராசு. தூக்கிய காலுக்குக் கீழே தரையே இல்லை!

“காலப் பின்னால வைங்க,” என்றாள். மரியாதை திரும்பியிருந்தது.

வைத்தார். புவனமணி பிளவைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். ஒச்சப்பனுக்குப் போன உயிர் வந்தது. கூடவே பசியும் வந்து, பதினோரு இட்லி காலி.

இறங்கும்போது மொக்கராசு தொண்டையைக் கனைத்தார். “புள்ள, வளையம் நெசந்தான். நானே பாத்தேன். என் தலையச் சுத்தித்தான் இருந்துச்சு.”

“இல்ல மாமா, என் தலையில.”

“படத்தப் பாருங்க ரெண்டு பேரும். என் தலையில!”

மூவர் சொன்னதும் உண்மைதான். அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையில்தான் அந்த வளையம் தெரியும். ஆகவே வளையம் கிடைத்த சந்தோஷத்தில், ஓரத்தில் நிற்கும் தலைகளையும் ஒருமுறை எண்ணிவிடுவது நல்லது.

படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. புவனமணி பழையபடி “ஏங்க” என்றுதான் கூப்பிடுகிறாள். மொக்கராசு பத்தாவது பணியாரத்துக்குக் கை நீட்டும்போது மட்டும், “மொக்க…” என்று மெதுவாகத் தொடங்குவாள்.

கை அந்தரத்திலேயே நின்றுவிடும்.