நாற்பத்தொரு நாள் தாங்கிய பேட்டரி

மூன்றாவது அடியில் ஏசையாவின் முழங்கை முறிந்தது. எலும்பு உடையும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஆய்வாளர் வீரபாகுவின் மார்பில் குத்தியிருந்த சாட்சிக்கண் காமிரா மட்டும் விழிக்கவில்லை. அதன் ஓரத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்கு அணைந்தே கிடந்தது.

கையில் பாராட்டுச் சான்றிதழோடு பூபாலன் வாசலில் நின்றான். அந்தக் காமிராவின் பேட்டரியை மேம்படுத்திய பொறியாளன் அவன்தான். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் கடம்பங்குளம் காவல் நிலையத்தில் நாற்பத்தொரு நாள் தாங்குகிறது. மாநிலத்திலேயே இதுதான் அதிகம். அவ்வளவு அமைதியான ஊர் என்று தலைமையகம் மகிழ்ந்துபோய் நிலையத்துக்கு அந்தச் சான்றிதழை அவனிடம் கொடுத்து அனுப்பியிருந்தது. அவர்கள் ஏன் மகிழ மாட்டார்கள்? புள்ளிவிவரத்தில் ரத்த வாடை அடிப்பதில்லையே.

"வாங்க சார், வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க," என்றார் வீரபாகு. மரியாதையான மனிதர். "செத்த உக்காருங்க. இவன் சோலிய முடிச்சிட்டு வாரேன்."

சுவரில் பதித்த இரும்பு வளையத்தில் ஏசையாவின் இன்னொரு கை கட்டப்பட்டிருந்தது. பம்புசெட் மெக்கானிக். யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டுச் சூரியப்பலகை காணாமல் போயிருந்தது.

"பலகைய எங்கல வித்த?"

"நான் எடுக்கல சார். எம்புள்ள மேல சத்தியமா எடுக்கல."

லத்தி காதோரம் இறங்கியது. ஏசையாவின் காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

பூபாலன் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் எரியவில்லை என்பது அவனுக்குத்தான் தெரியும்.

பழைய சாட்சிக்கண் சும்மா இருக்கும்போதே பேட்டரியைத் தின்று தீர்த்தது. காத்திருப்பு நிலையிலும் அது அரைக்கண் திறந்து, கடைசி இரண்டு நிமிடக் காட்சியை எப்போதும் நினைவில் வைத்திருந்தது. மதியத்துக்குள் செத்துப்போகும். பூபாலன் முதலில் அந்த நினைவை வெட்டி எறிந்தான். பிறகு, அணிந்தவரின் நாடி வழக்கத்துக்கு மாறாக எகிறினால் மட்டும் கண் விழிக்கும்படி செய்தான். எது வழக்கம் என்பதைக் காமிராவே கற்றுக்கொள்ளும். மாடிப்படி ஏறும் துடிப்பும் கிரிக்கெட் பார்க்கும் துடிப்பும் நாலைந்து முறை வந்தால் பழகிவிடும். போலீஸ்காரர்கள் இஷ்டத்துக்கு இயக்கிவிடக் கூடாது என்று பொத்தானையும் எடுத்துவிட்டான்.

வீரபாகுவுக்கு அடிப்பது பல் துலக்குவது மாதிரி. காமிராவுக்கும் அது பழகிவிட்டது.

"நிறுத்துங்க சார்! செத்துருவான்!"

"சாவட்டுமே. எங்க பதிஞ்சிருக்கு?" வீரபாகு தன் மார்பைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். "எல்லாம் ஒங்க புண்ணியம்."

அவர் சொன்னது உண்மை. சாட்சிக்கண் பதிந்தது மட்டுமே நடந்தது என்று சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. கண்ணால் கண்டேன் என்று யார் சொன்னாலும் செல்லாது. போனில் எடுத்த படமும் செல்லாது. மனிதன் பொய் சொல்வான், காமிரா சொல்லாது என்று சட்டசபையில் மேசையைத் தட்டி நிறைவேற்றியிருந்தார்கள்.

அடுத்த அடி விலாவில். ஏசையாவின் தலை தொங்கியது. வாயில் நுரை தள்ளியது. வீரபாகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, லத்தியை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

காமிரா விழிக்க ஒரே வழிதான் இருந்தது. இந்த மனிதர் பயப்பட வேண்டும். இருபத்தேழு வருட உத்தியோகத்தில் ஒருவன்கூட அவரைத் திருப்பி அடித்ததில்லை. அந்தத் துடிப்பு காமிராவுக்குப் புதிது.

பூபாலன் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை. லத்தியை எடுத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஓங்கி வீசினான்.

மூக்கில் பட்டது. வீரபாகு செம்போடு கீழே விழுந்தார். இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது. அவர் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். கண்ணில் பயம்.

பச்சை விளக்கு எரிந்தது.

பூபாலனுக்கு அழுகை வந்துவிட்டது. "பதியுது! ஏசையா, பதியுதுப்பா!" லத்தியும் கையுமாக ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கிப் பிடித்தான். தலை கனத்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். மூச்சில்லை.

தரையில் கிடந்த வீரபாகு தன் மார்பைக் குனிந்து பார்த்தார். பச்சை வெளிச்சம். அவருக்கு விஷயம் புரிய ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. மெதுவாக மண்டியிட்டு எழுந்து, நெஞ்சை அவர்கள் பக்கம் வாகாகத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம் சார்," என்றார், குரல் தழுதழுக்க. "கம்பக் கீழ போட்டுருங்க. அவன் என் பொறுப்புல இருக்கவன். செத்துட்டான் சார். செத்தவன இன்னும் எதுக்கு அடிக்கீங்க?"

நீதிமன்றத்தில் அந்தப் படம் நாற்பது வினாடி ஓடியது. முதல் காட்சியிலேயே பூபாலன் ரத்தம் தோய்ந்த லத்தியோடு நின்றான். அடுத்ததில் கட்டிப்போட்ட பிணத்தை நோக்கி ஓடினான். படம் துல்லியமாக இருந்தது, எந்தக் குறையும் சொல்ல முடியாது.

"இதுக்கு முந்தி நடந்தத நான் சொல்றேன் ஐயா," என்று பூபாலன் கூண்டில் கதறினான்.

நீதிபதி பேனாவை மூடினார். சட்டப்படி அதற்கு முந்தி எதுவும் நடக்கவில்லை.