அறுபத்தைந்தின் கோடு

சமையலறைச் சுவரில் ஈரம் இருந்தது. கூரை ஒழுகி வழிந்த ஈரம் இல்லை. நூல் பிடித்துப் போட்டதுபோல ஒரே ஒரு கோடு. ரோஸ்விதாவின் தலைக்கு ஒரு சாண் மேலே, அலமாரிக்குப் பின்னால் நுழைந்து, ஜன்னல் சட்டத்தைத் தாண்டி, அடுப்புப் புகைக்குழாயைச் சுற்றிக்கொண்டு கதவு நிலை வரைக்கும் ஒரே மட்டத்தில் ஓடியது. கோட்டுக்கு மேலே அரைச் சாண் வெள்ளைச் சுவர், அதற்கு மேல் பலகைக் கூரை; அதுவே மாடிக்குத் தரை.

அறுபத்தாறு வயதில் முக்காலி மேல் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏறினாள். துணியால் அழுத்தித் துடைத்தாள். துணியை முகர்ந்து பார்த்தபோது சேற்று வாடை. மீன் செதில், ஊறிப்போன இலை, மழை ஓய்ந்த மறுநாள் ஆற்றோரம் அடிக்குமே, அந்த வாடை. காப்பி போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கோடு அதே இடத்தில் இருந்தது.

"வேற நாள் கிடைக்கலையா உனக்கு?" என்றாள் சுவரைப் பார்த்து.

இன்றைக்கு மூன்று மணிக்கு ஆற்று அலுவலகத்திலிருந்து அளவெடுக்க வருகிறார்கள். அந்த அளவில்தான் வீடு நிற்பதும் போவதும்.

எர்பா ஆறு பிறப்பது மேலே, மூன்று மணி நேர நடையில், பாசிச் சகதிக் காட்டில். அங்கே அது ஆறே இல்லை; காலை வைத்தால் பூட்ஸுக்குள் ஏறும் கறுப்புத் தண்ணீர். பிறகு பலகைப் பாறை இடுக்கில் இறங்கி, தேயிலைச் சாறு நிறத்தில் சத்தம் போட்டுக்கொண்டு மர அறுவை ஆலையைத் தாண்டி வரும். ஹாக்பெர்க் குன்றை அதனால் அறுக்க முடியவில்லை. அதனால் குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு போட்டுக் குன்றைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய், கடைசியில் ரைன் நதியில் விழும். தாத்தா காலத்து ஆட்கள் மண்வெட்டியோடு போய் வளைவின் கழுத்தை வெட்டி ஆற்றை நேராக்கிவிட்டார்கள். பழைய வளைவு புல்வெளியாகிவிட்டது. அதன் நடுவில்தான் இந்த வீடு. இருநூறு அடி தள்ளி, கல் கரைக்குள் எர்பா இப்போது அடக்க ஒடுக்கமாக ஓடுகிறது. வெள்ளம் வந்தால் மட்டும் பழைய வழி அதற்கு ஞாபகம் வந்துவிடும்.

இப்போது ஆற்று அலுவலகம் வளைவை ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கப் போகிறது. புல்வெளியில் இருக்கும் வீடுகளில், வாசல் நிலைக்கல்லில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குச் செதுக்கிய கோடு ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால் சுற்றிலும் சுவர் கட்டிக் கொடுப்பார்கள். மேலே இருந்தால் வீட்டை இடிப்பார்கள். ரோஸ்விதா வீட்டு வாசல் கல்லில் நாலு கோடுகள். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 1965. தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர்.

அந்தக் கோட்டைச் செதுக்கியது அவளுடைய அப்பா அன்டோன். தண்ணீர் வடிந்த மறுநாள் வீட்டுக்காரன் தன் கையாலேயே செதுக்க வேண்டும், ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு ஒரு மடக்கு சாராயம் குடிக்க வேண்டும். கை வைத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். ஹாக்பெர்க் ஊரில் அப்படித்தான்.

பத்து மணிக்கு ஓட்மார் வந்தான். சித்தப்பா மகன், அவளைவிட நாலு வயது சின்னவன், ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவன். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்து ரொட்டியில் ஈரல் சாசேஜைத் தடவிக்கொண்டான்.

"உட்காரச் சொல்ல மாட்டியா ரோஸ்வி?"

"நீ உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க மாட்டியேடா. சுவர்ல ஏதாச்சும் தெரியுதா பாரு."

மென்றுகொண்டே பார்த்தான். "வெள்ளை அடிச்சு பத்து வருஷம் ஆச்சுன்னு தெரியுது."

"கோடு?"

"எந்தக் கோடு?"

அவனுக்குப் பின்னால், கொக்கியில் மாட்டியிருந்த அவளுடைய பச்சைக் கம்பளிக் கோட்டின் இரண்டு கைகளும் மெதுவாக எழும்பின. காற்று இல்லை, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி அசையாமல் நின்றது. கைகள் இரண்டும் மேற்குப் பக்கம், வாசலைக் காட்டி நீண்டு மிதந்தன. பழைய ஆறு போன திசை அதுதான்.

ஓட்மார் இருமினான். மறுபடி இருமினான். "என்னமோ நெஞ்சை அடைக்குது இங்க. ஜன்னலைத் திறயேன்." பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் அவன் தட்டில் மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை. வாசலில் நின்று தொப்பியைத் திருகினான். "ஒண்ணு கேட்கட்டுமா? எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி இந்தக் கல்லைப் பத்தி என்னமோ சொல்ல வந்தாரு."

"சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப விடு. உங்கப்பாவும்தான் கை வச்சாரு."

அவன் போய்விட்டான். அவன் பூட்ஸ் சரளைக் கல்லில் நடக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டது, ஆனால் எங்கேயோ அடியில் இருந்து கேட்டது.

மத்தியானத்துக்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவர்க் கோட்டுக்குக் கீழே ஒரு மாதிரி, மேலே ஒரு மாதிரி. கீழே இருக்கும்போது கடிகார முள் காதுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி மந்தமாகக் கேட்கும். மாடிப் படியில் ஐந்தாவது படி ஏறித் தலை கோட்டைத் தாண்டினால், காதிலிருந்து பஞ்சை எடுத்ததுபோல உலகம் பளிச்சென்று திரும்பும். காக்கை, தூரத்து டிராக்டர், ஆற்றின் சலசலப்பு எல்லாம். மறுபடி இறங்கினால் மந்தம். மேசையிலிருந்து கைதவறி விழுந்த கரண்டி தரைக்குப் போய்ச் சேர நேரம் எடுத்துக்கொண்டது. ஜெரேனியம் செடிகள் எல்லாம் மேற்கே சாய்ந்திருந்தன.

ஆற்றுக்கே போய்ப் பார்த்தாள். அளவுக் கம்பத்தில் பதினைந்து சென்டிமீட்டர். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. வாத்து ஒன்று கல்லில் நின்று இறகு கோதிக்கொண்டிருந்தது.

"உனக்குன்னு படுக்கை வெட்டிக் குடுத்திருக்கு. அதுல போ. என் வீட்டுக்குள்ள என்ன வேலை உனக்கு?" என்றாள் ஆற்றிடம். பயம் இருந்தது, இல்லாமல் என்ன? ஆனாலும் காலை ஊன்றித்தான் நின்றாள். புருஷன் போனபோதும் இந்த வீட்டை விடவில்லை, பிள்ளைகள் நகரத்துக்குக் கூப்பிட்டபோதும் விடவில்லை. கணுக்காலளவு தண்ணீருக்கா விட்டுக் கொடுப்பாள்?

ஆனால் சமையலறைச் சுவரில் இருந்த அந்தக் கோடு எந்த வருஷத்து அளவு என்று அவளுக்குத் தெரியும்.

அறுபத்தைந்தில் அவளுக்கு எட்டு வயது. கீழ் அறையில் லிம்பெர்க் அம்மா வாடகைக்கு இருந்தாள். போரில் எல்லாம் போய்க் கிழக்கிலிருந்து ஓடிவந்த விதவை, தையல்காரி. ரோஸ்விதாவுக்கு மிச்சத் துணியில் பொம்மை தைத்துக் கொடுப்பாள். ஜூலையில் மூன்று நாள் மழை. தண்ணீர் வந்தபோது அப்பா ரோஸ்விதாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, படிக்கட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார், தண்ணீர் மேலே ஏறாமல் இருக்க. லிம்பெர்க் அம்மா இன்னும் கீழேதான் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தரைப் பலகைக்கு அடியில் தட்டும் சத்தம் கேட்டது. ரோஸ்விதாவின் பாதத்துக்கு நேர் கீழே. மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மூன்று தட்டு.

"என்னப்பா அது?"

"பீப்பாய் மிதக்குது. மேல முட்டுது. நீ தூங்கு."

"சரிப்பா" என்றாள். பீப்பாய் அப்படி எண்ணித் தட்டாது என்று எட்டு வயதிலேயே அவளுக்குத் தெரியும்.

தண்ணீர் வடிந்த மறுநாள் அப்பா தொண்ணூற்றைந்தில் கோடு செதுக்கினார். இடுப்பளவுத் தண்ணீர். இடுப்பளவுத் தண்ணீரில் லிம்பெர்க் அம்மா மாதிரி ஒருத்தி செத்தால் அது பலவீனமான இதயம் என்று ஆகிவிடும்; யாரும் யாரையும் கீழே விட்டுவிட்டு வரவில்லை. ஊர் மொத்தமும் வந்து கை வைத்தது. சாராயம் குடித்தது. கூரை ஓரம் வரைக்கும் சேறு அப்பியிருந்த சுவரை அன்றைக்கே அப்பா வெள்ளை அடித்துவிட்டார்.

மூன்று மணிக்கு யூடித் வந்தாள். ஆற்று அலுவலகத்துப் பெண், முப்பது வயதிருக்கும், சிவப்பு மழைக்கோட்டு, கையில் அளவு நாடா. கூடவே சாட்சிக்கு ஓட்மார்.

"ஊர்ல யாரைக் கேட்டாலும் கல்லைப் பாருங்கங்கிறாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வர மாட்டேங்குது" என்றாள் யூடித்.

"கல்லு பேசறப்ப நாங்க எதுக்குப் பேசணும்?" என்றான் ஓட்மார். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

யூடித் குனிந்து அளந்தாள். தொண்ணூற்றைந்து. எழுதிக்கொண்டாள். பேனாவை மூடாமல் நிமிர்ந்தாள். "அறுபத்தஞ்சுல நீங்க இங்கதான் இருந்தீங்க இல்லையா? மேல் கிராமத்துல அந்த வருஷம் ரெண்டு மீட்டர் கிட்ட வந்திருக்கு. இங்க மட்டும் எப்படி இவ்வளவு கம்மி? தப்பா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. சுவரை நம்பி நீங்க உள்ள இருப்பீங்க, நாளைக்குத் தண்ணி வந்தா யாரும் வந்து எடுக்க முடியாது. வேற வீடு தருவோம். நல்ல வீடு."

ரோஸ்விதா திறந்திருந்த கதவு வழியே உள்ளே பார்த்தாள். பச்சைக் கம்பளிக் கோட்டு கொக்கியிலிருந்து கழன்றிருந்தது. கைகளை விரித்துக்கொண்டு, கூடத்தின் நடுவில், ஆள் உயரத்தில் நின்றது. கீழே விழவில்லை. மற்ற இரண்டு பேரும் கதவுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார்கள்.

'என்னைப் பயமுறுத்திச் சொல்ல வைக்கலாம்னு பார்க்கறியா' என்று நினைத்தாள். 'எங்கப்பனை இத்தனை வருஷம் கழிச்சு ஊர் முன்னாடி நிறுத்தப் பார்க்கறியா. முடியாது.'

"நான் பார்த்தேன். இடுப்பளவுதான்" என்றாள்.

கல்லில் செதுக்கிய கோட்டின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். கல் சில்லென்று இருந்தது. கையை எடுத்தபோது உள்ளங்கை நனைந்திருந்தது, பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஓட்மார் வேறு எங்கோ பார்த்தான். அப்புறம் அவனும் கை வைத்தான்.

யூடித் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். கார் மூடுபனிக்குள் போனது. ஓட்மார் சாராயத்துக்கு நிற்காமலே கிளம்பிவிட்டான்.

வீடு அவளுடையது. யாராலும் இனி அசைக்க முடியாது. ரோஸ்விதா தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள். தண்ணீர் வாடையும் சேறும் எல்லாம் இருக்கட்டும், இன்றைக்கே அடுப்பை நன்றாக மூட்டி இந்தச் சுவரைக் காய வைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது, அவசரமில்லாமல், கனமாக.

"போதும்" என்றாள்.

சத்தம் வரவில்லை. வாயிலிருந்து குமிழ் வந்தது. ஒன்று, இரண்டு, வரிசையாக மேலே ஏறிப் போய், கோட்டைத் தொட்டதும் உடைந்தது.

தரை காய்ந்துதான் இருந்தது. அவளே பார்த்தாள். தரை காய்ந்திருந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அவளுடைய நரைத்த முடி மட்டும் பின்னலிலிருந்து அவிழ்ந்து மேற்கே நீண்டது. செருப்பு காலை விட்டுப் போனது. கால் தரையை விட்டது.

கதவு. திரும்பினாள். கைப்பிடி திரும்பியது. கதவு திறக்கவில்லை.

படிக்கட்டு. ஐந்தாவது படி போதும். கோட்டைத் தாண்டினால் போதும். கையால் துழாவிக்கொண்டு போனாள். படிக்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவை முப்பது வருஷத்துக்கு முன்னால் அவள் கழற்றி விறகாக்கியிருந்தாள். இப்போது சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் தாழ்.

நெஞ்சு எரிந்தது. விட மாட்டேன். ஒரு உதை. மேலே. இன்னொரு உதை. மேலே அரைச் சாண் இருக்கிறது.

முகத்தைக் கூரையோடு ஒட்டி மூச்சு இழுத்தாள். பாதி மூச்சு. பாதி சேறு. மூக்கு பலகையில் உரசியது. பலகையில் அவள் கண்ணுக்கு நேரே நகக் கீறல்கள். பழையவை.

பலகை இடுக்கில் விளக்கு வெளிச்சம். யாரோ மேலே இருக்கிறார்கள்.

முஷ்டியை மடக்கினாள். மூன்று தட்டு. கொஞ்சம் மூச்சு. மூன்று தட்டு.

மேலே சின்னப் பாதம் ஒன்று நகர்ந்து, அவள் முகத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. இடுக்கில் கட்டைவிரல் தெரிந்தது.

"என்னப்பா அது?" என்றது ஒரு குழந்தை.

"பீப்பாய் மிதக்குது. நீ தூங்கு."

ரோஸ்விதா தட்டினாள். மூன்று. எண்ணி எண்ணித் தட்டினாள், இது பீப்பாய் இல்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும், தெரியாமல் இருக்காது.

"சரிப்பா" என்றது குழந்தை.